கடப்பாரைக்குத் தண்ணீர்

எங்கள் பேண்டு ஒரே ஒரு முறைதான் மேடை ஏறியது. கிட்டார் வாசிக்க வேண்டிய நான் அன்றைக்கு ஒரு பாட்டுகூட வாசிக்கவில்லை. மேடைக்குப் பின்னால் நின்றுகொண்டு ஒரு கடப்பாரைக்குத் தண்ணீர் ஊற்றினேன். இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கிறவர்கள் யாரும் அந்தக் கடப்பாரைக்குப் பக்கத்தில் நின்றதில்லை.

நான் ஷூ கம்பெனியில் சோல் ஒட்டும் லைனில் வேலை செய்கிறேன். விடிவதற்கு முன்னால் கம்பெனி பஸ் ஒடுகத்தூருக்கு வரும். பொம்பளைகள் எல்லாம் டிபன் பையோடு அதில் ஏறித் தூங்குவோம். கல்யாணம் பண்ணி, அது சரிப்படாமல், அம்மா வீட்டுக்குத் திரும்பி வந்தவள் நான். அப்படி வந்தவள் எலக்ட்ரிக் கிட்டார் வாங்கினால் ஊர் என்ன பேசும் என்று எல்லோருக்கும் தெரியும். பேசினார்கள். நான் போனில் வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். நாள் முழுக்க சொல்யூஷன் தொட்ட விரல்கள் தடித்துப் போயிருந்தன. கம்பி அழுத்தி அழுத்தி அதன்மேல் இன்னொரு தோல் ஏறியது. இடது கை விரல் நுனியில் ஊசி குத்தினால்கூட எனக்குத் தெரியாது. இது பின்னால் வரும்.

பேண்டு என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். டிரம்ஸ் வாசித்தவன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். கீபோர்டுக்காரன் ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கிற கடை வைத்திருந்தான். பாடுவது என் தங்கை. ஃப்ளெக்ஸ் கடை மூடியபிறகு அங்கேதான் பிராக்டிஸ். சுற்றிலும் பூப்பெய்திய பெண்களும் கட்சிக்காரர்களும் காதுகுத்துக் குழந்தைகளும் பேனர்களில் சுருண்டு நிற்பார்கள். நடுவில் நாங்கள்.

தங்கையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீடு கலசப்பாக்கம் பக்கம். நல்லவர்கள்தான், நெல்லும் நிலமும் உள்ளவர்கள். தட்டு மாற்றிய அன்றைக்கே மாமியார் ஆகப்போகிறவர் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார்.

"பொண்ணு நல்லா பாடுதாமே. வூட்ல பாடட்டும், சாமி ரூம்ல பாடட்டும். மேட கீட எல்லாம் நமக்கு வேணாங்க."

அம்மா தலையை ஆட்டினாள். தங்கையும் ஆட்டினாள். எனக்கு வந்த கோபத்தில் பலகாரத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். ராத்திரி தங்கை என் பக்கத்தில் படுத்துக்கொண்டு, "அக்கா, கல்யாணத்துக்குள்ள ஒரே ஒரு வாட்டி மேட ஏறிடணும். அப்புறம் எப்டியோ போவட்டும்" என்றாள். அவளே ஒரு பாட்டு எழுதி மெட்டுப் போட்டு வைத்திருந்தாள். இருட்டில் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கிற பொம்பளைகளைப் பற்றின பாட்டு. அதைக் கடைசியாகப் பாட வேண்டும் என்பது அவள் ஆசை. அவளுக்கு வேறு எதுவும் வேண்டாம்.

மேடை என் லைனில் பக்கத்து சீட்டில் உட்காருகிறவள் மூலம் கிடைத்தது. அவள் ஜவ்வாது மலைக்காரி. வாரம் முழுக்கக் கீழே ஹாஸ்டலில் இருந்து வேலை செய்வாள், ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போவாள். சித்திரையில் அவள் ஊரில் அம்மன் திருவிழா. சினிமாப் பாட்டுக் கச்சேரி கேட்டுக் கேட்டு அலுத்துப்போன பிள்ளைகள் பேண்டு வேண்டும் என்கிறார்களாம். "நம்ம பொம்பளைங்க வாசிக்கறாங்கன்னு சொன்னேன். உடனே ஒத்துக்கினாங்கக்கா" என்றாள்.

அதற்கப்புறம் பிராக்டிஸ் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை. லைனில் சோல் ஒட்டும்போது கால் தாளம் போடும். சூப்பர்வைசர் திட்டுவார், நானும் திரும்பத் திட்டுவேன். புதுக் கம்பி வாங்கிக் கட்டினேன். பஸ் பாட்டுக்கு நடுவில் எனக்கு ஒரு தனி வாசிப்பு. அதைக் கையைவிட்டு மனசுக்குப் போகும்வரை வாசித்தேன்.

முதல் அறிகுறி அந்த ஃப்ளெக்ஸ் கடையிலேயே வந்தது. தங்கை பாடிக்கொண்டிருந்தவள் திடீரென்று மைக்கைத் தள்ளினாள்.

"ஐயோ! மூக்குத்தில சுருக்குன்னுச்சு."

டிரம்ஸ்காரன் சிரித்தான். "மைக்குக்கே உன் மேல ஆச வந்துச்சு போல."

"உன் மூஞ்சி. மெய்யாலுமேடா. எறும்பு கடிச்சாப்ல."

மூக்குத்தி மைக்கின் இரும்பு வலையில் பட்டிருக்கிறது. கடையில் எர்த் சரியில்லை. கீபோர்டுக்காரன் பிளக்கைப் பிடுங்கித் திருப்பிச் சொருகினான், சரியாகிவிட்டது. அதற்கப்புறம் யாரும் அதைப் பேசவில்லை. எனக்கு மட்டும் அந்த 'சுருக்' மனசில் நின்றது.

திருவிழா அன்றைக்கு மத்தியானமே மலை ஏறினோம். டிரம்ஸ்காரனின் ஆட்டோ திணறிக்கொண்டு ஏறியது, கிட்டார் சத்தம் வருகிற ஆம்ப் பெட்டி என் மடியில், கிட்டார் தங்கை மடியில். கிளம்பும்போது அம்மா வாசலில் நின்று என்னிடம் மட்டும், "அவளப் பத்திரமா கூட்டினு வா. நிச்சயம் பண்ண பொண்ணு" என்றாள். நான், "நான் மட்டும் உருண்டு வந்தா பரவால்லையா?" என்றேன். அவள் தங்கை நெற்றியில் திருநீறு பூசப் போய்விட்டாள்.

மலையில் அந்த வருஷம் கோடைமழை இல்லை. மரங்கள் இலை உதிர்த்து நின்றன. வீடுகளுக்கு முன்னால் புளி உலர்த்தியிருந்தார்கள். மண் சிமெண்டு மாதிரி காய்ந்து, காலை வைத்தால் சத்தம் வந்தது. கோயில் ஒரு பாறைச் சரிவுக்குக் கீழே. அதைச் சுற்றி வேப்பிலை சொருகிய கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றுக்கு உள்ளே யாரும் செருப்புப் போடக்கூடாது. மேடை கயிற்றுக்கு உள்ளே இருந்தது. மேடை என்றால் மண்ணை மேடாக்கி, சாணம் மெழுகி, தண்ணீர் தெளித்து வைத்திருந்தார்கள். பலகை கிடையாது. பாடுகிறவளும் வாசிக்கிறவளும் ஈர மண்ணில் வெறுங்காலோடு நிற்க வேண்டும்.

மைக்செட்காரர் எங்களுக்கு முன்னாலேயே வந்திருந்தார். எங்களைப் போல மலைக்குக் கீழே உள்ள ஆள், வயசானவர், வெற்றிலை வாய். ஜெனரேட்டர் எங்கே என்று கேட்டேன்.

"லைன் தலைக்கு மேல போவுதும்மா. இன்னாத்துக்கு ஜெனரேட்டர்? அது வேற பாட்டுக்கு நடுவுல கத்தும்."

மேலே கரண்டுக் கம்பியில் ஒரு கொக்கி மாட்டியிருந்தது. மூங்கில் கழியால் மாட்டிவிட்டுக் கழியைப் புளியமரத்தில் சாய்த்து வைத்திருந்தார். ஒரே ஒரு கொக்கிதான். கரண்டு வருவதற்கு ஒரு கம்பி, திரும்பிப் போவதற்கு ஒரு கம்பி வேண்டும் என்று எனக்கே தெரியும். இன்னொன்று எங்கே என்று கேட்டேன்.

"ரெண்டு கொக்கி போட்டா காத்துல ஒண்ணோட ஒண்ணு ஒரசி பொறி பறக்கும். அதான் பூமில உட்டுட்டேன். பூமித்தாய் தாங்குவா."

மேடைக்குப் பின்னால், வேப்பிலைக் கயிற்றுக்கு வெளியே, ஒரு கடப்பாரையைத் தரையில் அடித்திருந்தார். முழங்கை ஆழம்கூடப் போகவில்லை, கீழே பாறை. அதில் ஒரு ஒயரைச் சுற்றியிருந்தார். விளக்குகளின் திரும்பு கம்பி, ஸ்பீக்கர் பெட்டி, மைக் மிக்சர், ஆம்ப் எல்லாவற்றின் எர்த்தும் அந்த ஒரே ஒயரில் போய்ச் சேர்ந்தது. அதாவது ஊர் முழுக்க எரிகிற விளக்கின் கரண்டு அந்தக் கடப்பாரை வழியாக மண்ணுக்குள் போக வேண்டும். மண் ஈரமாக இருந்தால் போகும். காய்ந்துவிட்டால் போக வழி இல்லை. திரும்பி எங்கள் பெட்டிக்கு ஏறும். பெட்டியிலிருந்து என் கம்பிக்கு, தங்கையின் மைக்குக்கு.

இதை நான் அப்போதே முழுசாகப் புரிந்துகொள்ளவில்லை. ஆம்பைப் போட்டு, கிட்டாரை மாட்டி, சுருதி சேர்த்தேன். விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. தடித்த விரல். கம்பியை அமுக்க வலது கையைச் சாய்த்தபோது மணிக்கட்டின் உள்பக்கம், கம்பிகளைத் தாங்குகிற இரும்புக் கட்டையில் பட்டது. தோலுக்குக் கீழே எறும்பு வரிசையாக ஓடுகிற மாதிரி இருந்தது. கையை எடுத்தேன். திரும்ப வைத்தேன். இந்த முறை எறும்பு இல்லை, தேள். ஷூவைக் கயிற்றுக்கு வெளியே விட்டிருந்தேன்.

"யோவ்! கிட்டார்ல கரண்டு வருது!" என்று கத்தினேன்.

மைக்செட்காரர் பதறவே இல்லை. ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் போய்க் கடப்பாரையைச் சுற்றித் தண்ணீர் ஊற்றினார். மண் உஸ் என்று உறிஞ்சியது. மேலே சீரியல் விளக்கெல்லாம் பளிச்சென்று பிரகாசமானது.

"இப்ப தொட்டுப் பாரும்மா."

தொட்டேன். ஒன்றும் இல்லை.

"தண்ணி ஊத்தினா பேசாது. ஊத்தாம உட்டா பேசும். அவ்ளோதான். எத்தினி திருவிழா பாத்துட்டேன்."

அவர் சட்டைப் பையிலிருந்த டெஸ்டரைப் பிடுங்கி நான் கையில் வைத்துக்கொண்டேன். ஊற்றிய தண்ணீர் வடிந்ததும் மைக்கில் வைத்தேன். உள்ளே சிவப்பாக ஒரு பொட்டு எரிந்தது. அந்தச் சிவப்பு இன்றைக்கும் என் கண்ணில் இருக்கிறது. தங்கையின் மூக்குத்தி அளவுதான் இருக்கும். மிக்சரிலிருந்து எர்த்தையாவது கழற்றுங்கள் என்றேன். "என் பெட்டில கை வெச்சா மூட்ட கட்டிடுவேன்" என்றார்.

நான் பேண்டைக் கூட்டினேன். வேண்டாம், இறங்கிவிடலாம் என்றேன். கீபோர்டுக்காரன் தலையைக் குனிந்துகொண்டான். டிரம்ஸ்காரன், "இன்னாக்கா நீ, ஊரே வந்து குந்தினு கீது" என்றான். தங்கை என்னை முறைத்தாள்.

அப்போதுதான் எனக்கு வேறு வழியில் அதிர்ஷ்டம் அடிப்பதுபோல் இருந்தது. அம்மனுக்கு விட்ட ஆடு உத்தரவு தரவில்லை. அந்த வழக்கம் எங்கள் பக்கமும் உண்டு. ஆட்டின் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பைச் சிலுப்பி உதறினால், எங்கள் பேச்சில் துலுக்கினால், சாமி ஒத்துக்கொண்டாள் என்று அர்த்தம். உதறாவிட்டால் எல்லாம் நிற்கும். அன்றைக்குப் பூசாரி ஊற்றி ஊற்றிப் பார்த்தார், ஆடு ஒட்டவைத்த பொம்மை மாதிரி நின்றது. ஜனங்கள் முகம் சுண்டிப்போயிற்று. லைனில் என் பக்கத்தில் உட்காருகிறவள் வந்து, "போன வருஷமும் இப்டித்தான் நின்னுச்சுக்கா. அப்புறம் மழையே இல்ல. புளியும் பாதி உதுந்து பூடுச்சு" என்றாள். கண் கலங்கியிருந்தது. ஊர் நாட்டாண்மைக்காரர், நெட்டையான மனுஷர், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்:

"ஆத்தா சொல்லாம ஆட்டமும் இல்ல, பாட்டும் இல்ல. ஆட்ட அந்தாண்ட கட்டுங்க. பாக்கலாம்."

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். ஆத்தா, நீ சொல்லாதே, நாங்கள் இறங்கிப் போகிறோம் என்று வேண்டிக்கொண்டேன். எனக்குச் சாமி நம்பிக்கை அவ்வளவு கிடையாது. அன்றைக்கு வேண்டிக்கொண்டேன்.

ஆட்டை ஓட்டிக்கொண்டு போய் மேடைக்குப் பின்னால் கட்டினார்கள். அங்கே நட்டு வைத்ததுபோல் ஒரு இரும்பு நின்றது. அவசரத்தில் யாரோ ஆட்டின் கயிற்றை அதிலேயே கட்டிவிட்டார்கள். அது கடப்பாரை.

நான் பார்த்துவிட்டு வாயைத் திறப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது என்று மைக்செட்காரர் எல்லா விளக்கையும் சேர்த்துப் போட்டார். ஆடு ஈரத் தரையில் நின்றிருந்தது. முதலில் அதன் நான்கு காலும் விறைத்தன. காது நட்டுக்கொண்டது. அப்புறம் உடம்பு முழுக்க ஒரு உதறல். கயிறு அறுகிற மாதிரி துள்ளி எட்டிப் போய் நின்று, நின்ற இடத்திலும் உதறிக்கொண்டே இருந்தது.

"துலுக்கிடுச்சு! துலுக்கிடுச்சு!"

பொம்பளைகள் குலவை போட்டார்கள். மேளம் இறங்கியது. கற்பூரம் ஏற்றினார்கள். பக்கத்து சீட்டுக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எங்களுக்கு உத்தரவு கிடைத்துவிட்டது.

நான் அவள் காதில், "அது துலுக்கல. ஷாக் அடிச்சுது" என்றேன்.

அவள் கையை விட்டாள். "அக்கா, எனக்கோசரம் வாய மூடினு இரு" என்றாள். அதில் கெஞ்சல் இல்லை. மிரட்டல்தான் இருந்தது.

நான் நாட்டாண்மைக்காரரிடம் போனேன். ஆட்டைப் பற்றிப் பேசவில்லை. "ஐயா, கடப்பாரை காஞ்சா மைக்குல கரண்டு வருதுங்க. பாடறவ வெறுங்கால்ல நிக்கறா. செருப்புப் போட உடுங்க" என்றேன்.

"கயித்துக்குள்ள செருப்பு வராதும்மா. அது என் கையில இல்ல."

"அப்ப பலகையாச்சும் குடுங்க."

ஆள் அனுப்பினார். பந்தி போடுகிற இடத்திலிருந்து ஒரு பலகை வந்தது, இலை கழுவிய தண்ணீர் சொட்டச் சொட்ட. அதை நான் தூக்கி எறிந்தேன். ஈரப் பலகையும் ஈர மண்ணும் ஒன்றுதான்.

மேடைக்குப் பின்னால் தங்கையைப் பிடித்து நிறுத்தினேன். டெஸ்டரைக் காட்டினேன். சிவப்பைக் காட்டினேன்.

"நீ பாட வேணாம்டி. கெளம்பு."

"தண்ணி ஊத்தினா வரலல்ல?"

"ஊத்திக்கினே இருக்கணும். எவன் ஊத்துவான்? அந்த ஆளு பாட்டு ஆரமிச்சா வெத்தல போடப் போயிடுவான்."

"எனக்கு இத்த உட்டா வேற நாள் இல்லக்கா. உனக்குத் தெரியும். தெரிஞ்சும் சொல்றியே."

"செத்தா?"

"பாடாமப் போனா மட்டும்?" என்றாள்.

கன்னத்தில் அறையலாம் என்று கை எழுந்தது. அறையவில்லை. அவளைத் தூக்கி ஆட்டோவில் போட்டுக்கொண்டு போயிருக்கலாம், நான் சோல் மூட்டை தூக்குகிறவள், முடியும். அவள் முகத்தைப் பார்த்தேன். பவுடர் போட்டு, கம்பெனியில் எல்லோரும் சேர்ந்து வாங்கிக்கொடுத்த சேலை கட்டி, பூ வைத்து நின்றாள். கல்யாணத்துக்குக்கூட அவள் அப்படி ஆசையாக நிற்கவில்லை, பின்னால் பார்த்தேன்.

"நான் ஊத்தறேன்" என்றேன்.

"கிட்டாரு?"

"கிட்டாரு மயிரு. கீபோர்டுல வாசிக்கச் சொல்லு."

மூன்று கட்டளை போட்டேன். மைக்கை ஸ்டாண்டிலிருந்து எடுக்கக்கூடாது, கையால் தொடக்கூடாது, வாய்க்கும் மைக்குக்கும் நடுவில் கையளவு இடம் இருக்க வேண்டும். மைக்கில் ஒரு துண்டைச் சுற்றிக் கட்டிவிட்டேன். சத்தியம் வாங்கினேன். கிட்டாரைப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். புதுக் கம்பி, இன்னும் பளபளப்பாக இருந்தது.

என் ஷூவை மாட்டிக்கொண்டேன். கம்பெனியில் ரிஜெக்ட் ஆன ஜோடி, தையல் கோணல், ஆனால் ரப்பர் சோல் தடிமன். கடப்பாரை கயிற்றுக்கு வெளியே இருந்ததால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஈரம் படாத இடத்தில் எட்டி நின்றுகொண்டு, செம்பில் மொண்டு மொண்டு வீசி ஊற்றினேன். பக்கத்து சீட்டுக்காரி என்னிடம் பேசவில்லை. ஆனால் அடி பம்பிலிருந்து குடம் குடமாகக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

தங்கை பாடினாள். எனக்கு அவள் முதுகுதான் தெரிந்தது, ஜடை, அதில் பூ. கூட்டம் கை தட்டுவதும் விசிலடிப்பதும் கேட்டது. பாட்டை நான் கேட்கவில்லை. சீரியல் விளக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மண் காய ஆரம்பித்தால் விளக்கு முதலில் மங்கும். அதுதான் எனக்குக் கடிகாரம். மங்கினால் ஊற்று, பளிச்சென்று ஆகும். பாறை மண், நிற்காது, சரிவில் ஓடிவிடும். ஊற்றிய தண்ணீர் கடப்பாரையைச் சுற்றி வெதுவெதுப்பாக ஆவி விட்டது. ஒரு நாய் அந்தப் பக்கம் வந்து, முன்கால் ஈரத்தில் பட்டதும் கத்தாமல், வாலை இடுக்கிக்கொண்டு பின்வாங்கிப் போனது. நாய்க்குத் தெரிந்தது.

மேடையில் அவள் ஒவ்வொரு முறை முன்னால் சாயும்போதும் ஒரு செம்பு கூடுதலாக ஊற்றினேன். தள்ளு, தள்ளு என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

கடைசிப் பாட்டுக்கு முன்னால் குடம் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். பந்திக்குச் சோறு வடிக்கிறவர்கள் அடி பம்பைச் சுற்றி அண்டாவோடு நின்றார்கள், பக்கத்து சீட்டுக்காரி வரிசையில் மாட்டிக்கொண்டு கத்திக்கொண்டிருந்தாள். செம்பில் மிச்சம் இருந்ததை ஊற்றினேன். மேடையில் தங்கையின் குரல் கேட்டது.

"இது நானே எழுதின பாட்டுங்க. எங்கக்காதான் இதுக்கு கிட்டாரு வாசிக்கணும். அவங்க பின்னாடி கீறாங்க."

கூட்டம் கத்தியது. அவள் பாட ஆரம்பித்தாள். பஸ் பாட்டு. கை தட்டல் தாளத்தோடு சேர்ந்துகொண்டது. அவள் தன்னை மறந்துவிட்டாள். துண்டை உருவி எறிந்தாள். ஸ்டாண்டிலிருந்து மைக்கை எடுத்தாள்.

விளக்கு மங்கியது.

நான் கத்தினேன். ஸ்பீக்கர் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. அவள் கை ஒருமுறை வெடுக்கென்று உதறியது. விரலை விரித்து, சிரித்து, கை மாற்றிப் பிடித்துக்கொண்டாள். அந்தச் சிரிப்புதான் எனக்குப் பயமாக இருந்தது. இரண்டாவது முறை விரல் விரியாது, இறுக்கிக்கொள்ளும். கம்பெனியில் கட்டிங் மிஷினில் ஒருத்திக்கு அப்படி இறுகியதைப் பார்த்திருக்கிறேன். விளக்கு இன்னும் மங்கிச் சிவப்பாகியது. அவள் கண்ணை மூடி, மைக்கை வாயோடு ஒட்டவைத்து, பாட்டின் மேல்பகுதிக்கு மூச்சு இழுத்தாள்.

மூங்கில் கழி புளியமரத்தில் சாய்ந்திருந்தது. எடுத்தேன். மேலே தூக்கிக் கொக்கியைத் தட்டினேன். ஒரே தட்டில் விழவில்லை. இரண்டாவது தட்டில் நீல வெளிச்சம் ஒன்று வெடித்து, கொக்கி கீழே விழுந்தது.

எல்லாம் இருட்டு.

இருட்டில் அவள் குரல் மட்டும், மைக் இல்லாமல், ஒரு வரி வந்தது. அப்புறம் நின்றுவிட்டது.

நின்றதற்கு எந்தக் காரணமும் இருக்கலாம். நான் கழியைப் போட்டுவிட்டு ஓடினேன். கயிற்றைத் தாண்டி, ஷூவோடு, சாமி எல்லைக்குள், மெழுகிய மேடைமேல். கையால் துழாவினேன். டிரம்ஸ் ஸ்டாண்டு இடித்தது. யாருடைய செல்போன் வெளிச்சமோ வந்தது. தங்கை நின்றுகொண்டிருந்தாள். மைக் காலடியில் கிடந்தது. நான் அவளைத் தொட்டேன். சூடாக இருந்தாள், மூச்சு விட்டாள். என் கையைத் தட்டிவிட்டாள்.

"நீதான் புடுங்கின?"

"ஆமா."

"ஏன்க்கா?" என்று கேட்டுவிட்டு, கூட்டத்துக்கு முன்னால் அழுதாள்.

மைக்செட்காரர் என்னை அசிங்கமாகத் திட்டினார். நானும் திட்டினேன், என்னிடம் அவரைவிட அதிகம் இருந்தது. ஷூவோடு ஏறியதற்கு மேடையை மறுபடி மெழுக வேண்டும் என்று ஒருவர் சத்தம் போட்டார். பிள்ளைகள் கூச்சல் போட்டன. நாட்டாண்மைக்காரர் எல்லோரையும் அடக்கிவிட்டு, மைக்செட்காரரிடம், "கொக்கி போதும். மேளம் கீது எங்களுக்கு" என்றார். எங்கள் சாமானை ஆட்டோவில் ஏற்றும்போது என் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஆடு எப்டி துலுக்கும்னு எனக்குத் தெரியாதாம்மா?" என்றார், முன்னால் பார்த்துக்கொண்டே.

"தெரிஞ்சுமா உட்டீங்க?"

"ரெண்டாவது வருசமும் வாய்க்கலன்னா இந்த ஜனம் ஒடிஞ்சு பூடும். உட்டேன்."

இதைக் கேட்டபோது வந்த கோபம் மைக்செட்காரர் மேலேகூட வரவில்லை. நாட்டாண்மைக்காரர் முகத்தைப் பார்த்து, "என் தங்கச்சி ஆடு இல்லைங்க" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். பக்கத்து சீட்டுக்காரி அதற்கப்புறம் லைனில் வேறு இடம் கேட்டு மாறிக்கொண்டாள். எதிரில் பார்த்தால் தலையாட்டுவோம், அவ்வளவுதான்.

இறங்கும்போது தங்கை என்னோடு பேசவில்லை. டீக்கடை வெளிச்சத்தில் அவள் முகத்தைப் பார்த்தேன். மேலுதட்டில், மூக்குத்திக்கு நேர் கீழே, சின்னதாக ஒரு சிவப்புப் பொட்டு. விரலால் காட்டினேன்.

"பரு" என்றாள்.

யாரும் சாகவில்லை. அதனால் என்னை யாரும் நம்பவும் இல்லை. டிரம்ஸ்காரன் இன்றைக்கும் ஆட்டோவில் போகிறவர்களிடம், "எங்க கிட்டாரிஸ்ட் இருக்காங்களே, மேடையவே இருட்டாக்கினவங்க" என்று சொல்லிச் சிரிக்கிறான். அவள் செத்திருந்தால் என்னை நம்பியிருப்பார்கள். அந்த நம்பிக்கை எனக்கு வேண்டாம்.

தங்கைக்குக் கல்யாணமாகிக் கைக்குழந்தை இருக்கிறது. மேடை ஏறவில்லை. மாமியார் சொன்னபடி சாமி ரூமில் பாடுகிறாள். என்னோடு பேசாமல் இருந்தது கொஞ்ச நாள்தான், அப்புறம் திட்டுவதற்காகப் பேச ஆரம்பித்தாள். போன வாரம்கூடப் போன் பண்ணினாள்.

"அந்தப் பாட்ட மட்டும் முடிக்க உட்ருந்தா இன்னா கொறஞ்சு போயிருக்கும் உனக்கு? என் வாழ்க்கையில ஒண்ணே ஒண்ணு கேட்டேன்."

"கை உதறினத பாத்தேன்."

"சும்மா சுருக்குன்னுச்சு. செத்தா பூட்டேன்?"

பின்னால் குழந்தை அழுதது. "இரு, தூங்க வெச்சுட்டு வர்றேன். வெச்சுடாத போன" என்றாள்.

போனை எங்கேயோ வைத்தாள். தொட்டில் கயிறு கிரீச்சிட்டது. அவள் பாடுவது கேட்டது. பஸ் பாட்டு. முதலிலிருந்து ஆரம்பித்து, அன்றைக்கு நின்ற வரியைத் தாண்டி, மேல்பகுதிக்கு ஏறி, கடைசி வரை பாடினாள். அவள் மூச்சு இழுத்த இடத்தில் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். இன்னும் அப்படித்தான் வருகிறது எனக்கு.

குழந்தை தூங்கியது. அவள் போனை எடுத்து, விட்ட இடத்திலிருந்து திட்டினாள்.